கோள்களும் ஆறாதாரங்களும்

பிறந்த நேரத்துக் கோள்நிலை உடலிலுள்ள ஆதாரச் சக்கரங்களை ஆள்கிறது, கெட்டுப்போன சக்கரத்தைச் சரிசெய்தால் உடலும் மனமும் நலம் பெறும் என்பது ஒரு நம்பிக்கை. இதை ஒரே பழஞ்சாத்திரம் போலப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால், இவை தனித்தனியே வளர்ந்த இரண்டு மரபுகள். இரண்டையும் அட்டவணை போட்டு இணைத்தது அண்மைக்காலத்தில்தான்.

சோதிடம் உடலை வானத்தில் வரைந்தது. வராகமிகிரரின் 6ஆம் நூற்றாண்டு நூலான பிருகத் ஜாதகம், ராசி மண்டலத்தைக் காலபுருஷனின் உடலாகக் கொள்கிறது. மேஷம் தலை, மீனம் பாதம். மற்றவை இடையில் வரிசையாக வரும். ரோமானியக் கவிஞர் மனிலியஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே ராசிகளை இப்படித் தலைமுதல் கால்வரை பங்கிட்டிருந்தார். கிரேக்கச் சோதிடத்தோடு இந்தியச் சோதிடத்துக்கு இருந்த உறவுக்கு இது ஓர் அடையாளம். கோள்களில் சந்திரனே மனோகாரகன். சந்திராஷ்டமம் பார்ப்பது இதிலிருந்து வந்தது. சந்திரன் பன்னிரண்டு ராசிகளையும் சுமார் 27 நாளில் சுற்றுகிறது, ஒரு ராசிக்கு இரண்டேகால் நாள். ஜென்ம ராசிக்கு எட்டாமிடத்தில் அது நிற்கும் நாள்களில் மனம் நிலைகொள்ளாது, புதுக்காரியம் வேண்டாம் என்பார்கள். தமிழ் நாள்காட்டித் தாளில் இது இன்றும் தினமும் அச்சாகிறது. இந்தக் கணக்கு எதிலும் மூலாதாரச் சக்கரத்துக்கோ குண்டலினி என்னும் உள்ளாற்றலுக்கோ இடமில்லை.

யோக மரபு வானத்தை உடலுக்குள் கொண்டுவந்தது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் ஔவையார் பெயரில் வழங்கும் விநாயகர் அகவலும் தமிழில் இதற்கு முதன்மையான சான்றுகள். மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை என முதுகுத்தண்டையொட்டி ஆறு நிலைகள். எல்லா நூல்களும் ஆறு என்று சொல்வதுமில்லை; ஐந்து என்றும் ஒன்பது என்றும் கொண்ட தந்திர மரபுகள் உண்டு. சித்தர் பாடல்களில் சூரியனும் சந்திரனும் அடிக்கடி வருவது உண்மைதான். ஆனால் அங்கே சூரியகலை வலமூக்கின் மூச்சு, சந்திரகலை இடமூக்கின் மூச்சு. பிங்கலை, இடகலை எனப்படும் இவ்விரண்டும் சமப்பட்டு, நடுநாடியான சுழுமுனையில் மூச்சு ஏறுவதே சித்தருக்கு முக்கியம். ஜாதகக் கட்டத்தில் சனி எங்கே நிற்கிறான் என்பது அவர்களின் யோகத்தில் கேள்வியே இல்லை.

இணைப்பு நடந்த கதையில் சென்னைக்கும் பங்குண்டு. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப், வங்காளப் பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய ஆறு சக்கர நூலை ஆர்தர் அவலான் என்ற பெயரில் ஆங்கிலமாக்கி 1919-இல் வெளியிட்டார். 1927-இல் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் சக்கரங்களைப் பற்றித் தனி நூல் கொண்டுவந்தார். அதில், ஜெர்மானிய ஞானி கிச்டெலின் நூலிலிருந்து ஒரு படத்தை எடுத்துச் சேர்த்தார். மனித உடலில் கோள்களின் குறிகள் அடிவயிற்றில் சந்திரன் தொடங்கி உச்சந்தலையில் சனி வரை ஏறும் படம் அது. பின்னாளில் கிரியா யோக வழிவந்த ஆசிரியர்கள் பரப்பிய அட்டவணையோ மகரம், கும்பத்துக்கு அதிபதியான சனியை மூலாதாரத்தில் வைத்து, குரு, செவ்வாய், சுக்கிரன், புதன் என்று ஏறி, ஆக்ஞையில் சூரிய சந்திரரோடு முடிகிறது. ஒன்றில் உச்சியில் இருக்கும் சனி மற்றொன்றில் அடியில். தொன்றுதொட்டு வந்த ஒரே அறிவாக இருந்தால் இப்படித் தலைகீழாக வராது.

மலாயாவுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி 1913-இல் கப்பலேறி, சிரம்பான் பக்கத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் பிறகு ஜொகூரிலும் வைத்தியம் பார்த்தார். 1923-இல் இந்தியா திரும்பி, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தராகி, 1935-இல் குண்டலினி யோகம் பற்றிய நூலை வெளியிட்டார். தோட்டத் தொழிலாளரின் காய்ச்சலையும் புண்ணையும் பார்த்த அந்த மருத்துவர், சக்கரங்களை நரம்புப் பின்னல்களோடு ஒப்பிட்டு விளக்கினார்.

இன்றைய மலேசியாவில், ஈப்போவுக்கு வடகிழக்கே உள்ள தஞ்சோங் ரம்புத்தானில் கோள்நிலை மனத்தை ஆள்கிறது என்னும் நம்பிக்கை வேறோர் உலகத்தை எதிர்கொள்கிறது. 1911-இல் திறக்கப்பட்ட, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எனப்படும் மனநல மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பெயரையே வசையாக்கி, "இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று நாடு முழுக்கப் பேசிப் பழகிவிட்டோம். ஒரு பிள்ளை தூங்காமல் தனக்குத்தானே பேசத் தொடங்கினால், குடும்பம் அந்த வசைக்கு அஞ்சி முதலில் ஜாதகத்தை எடுக்கிறது. ஏழரைச் சனி என்று தெரிந்ததும் ஓர் ஆறுதல், நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டதே என்று. சனிக்கிழமை கறுப்புத் துணியில் எள் முடிந்து நல்லெண்ணெய் விளக்கேற்றுவதால் யாருக்கும் கேடில்லை. கேடு தவணையில் இருக்கிறது. சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு. "பெயர்ச்சி ஆகட்டும், சரியாயிடும்" என்று காத்திருக்கும் அந்தக் காலத்தில் மனச்சிதைவு வேரூன்றிவிடுகிறது. சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது.

ஜாதகத்தால் மூளை வளர்ச்சிக் குறையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008-இல் புனேயில் சோதித்தார். வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகள் 100 பேர், நன்றாகப் படிக்கும் குழந்தைகள் 100 பேர் ஆகியோரின் பிறப்பு விவரங்களைத் திரட்டி, சோதிடர் ஒவ்வொருவருக்கும் கலந்து 40 ஜாதகம் கொடுக்கப்பட்டது. 27 பேர் விடை அனுப்பினார்கள். சரியான விடைகளின் சராசரி பாதியைக்கூட எட்டவில்லை.

மூச்சை நீட்டி நிதானமாக விடும் பயிற்சி படபடப்பைத் தணிக்கும்; அதற்கு ஜாதகம் வேண்டியதில்லை. ஆனால் மாயக்குரல் கேட்பவருக்கு மருந்தை நிறுத்திவிட்டுக் குண்டலினி தியானம் சொல்லிக்கொடுப்பது ஆபத்து. பரிகாரம் செய்ய மனம் சொன்னால் செய்யுங்கள். மருத்துவரிடம் போகும் நாளை மட்டும் பெயர்ச்சிக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.