எங்க மலையில் சாமை போன கதையும் திரும்பி வந்த கதையும்

நம்ம கொல்லிமலையில் பெண்கள் வீட்டுச் சோற்றை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று எனக்குத் தெரிந்ததையும், பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் எழுதுகிறேன்.

70 கொண்டை ஊசி வளைவு ரோடு போடுவதற்கு முன்னால் கீழேயிருந்து அரிசி கொண்டுவருவது லேசான காரியமில்லை. மலையில் விளைந்ததுதான் சோறு. மேட்டுக்காட்டில் சாமை, கேழ்வரகு, தினை. தண்ணி நிற்கும் பள்ளத்தில் நெல். சாமையிலேயே பல ரகம் உண்டு. சடஞ்சாமை சீக்கிரம் அறுப்புக்கு வரும், பெருஞ்சாமைக்கு நாள் கூட ஆகும். பழைய தானியம் தீருகிற நேரத்தில் சடஞ்சாமை கைகொடுக்கும். நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பது பெண்கள் வேலை. கேழ்வரகு வருஷக்கணக்கில் கெடாது. தொம்பையில் அது இருந்தால் மழை பொய்த்த வருஷமும் அடுப்பு எரியும்.

1970, 80-களில் மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போனது. கையில் காசு வந்தது. பிள்ளைகள் படிப்பும் ஆஸ்பத்திரி செலவும் அதில்தான் நடந்தது, அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் கிழங்கு பத்து மாசம் நிலத்தில் கிடக்கும். விலை இறங்கினால் காசும் இல்லை, தொம்பையில் தானியமும் இல்லை. அப்போது தாங்கியது ரேஷன் அரிசிதான். 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூன் முதல் இலவசம்.

சாமை போனதற்கு இது மட்டும்தான் காரணம் என்றால் எங்க அம்மாயி ஒத்துக்கொள்ளாது. "உலக்கை பிடிச்ச கையைக் கேளு" என்று சொல்லும். சாமையின் தோல் லேசில் உரியாது. குத்தணும், புடைக்கணும், மறுபடி குத்தணும். காட்டுவேலைக்குப் போகும் முன்னால் விடியற்காலையில் இதை முடிக்கணும். அரிசி வந்ததும் பெண்கள் உலக்கையைச் சாத்தி வைத்தது சோம்பேறித்தனம் இல்லைங்க, உடம்பு தாங்கவில்லை.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்ய வந்தது. அதன்பிறகு சாமை உடைக்கும் மெஷின் ஊருக்கே வந்தது. அதை ஓட்டியது குழுப் பெண்கள். விதை வங்கியும் வைத்தார்கள். வாங்கிய விதைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பித் தரணும், நம்ம கடன் மாதிரிதான். மணிக்கணக்கில் குத்திய வேலை மெஷினில் சீக்கிரம் முடிந்தது. பல வீட்டு அடுப்பில் மறுபடி சாமைச்சோறு வெந்தது.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது டவுனில் சாமைக்கு நல்ல கிராக்கி. எனக்கு ஒரு பயம் இருக்கிறது. நல்ல விலை வருதுன்னு மொத்தத்தையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு நாம் ரேஷன் அரிசி மட்டும் தின்றால், அன்றைக்கு மரவள்ளியில் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். விற்பதற்கு முன்னால் அடுத்த வருஷ விதையையும் வீட்டுச் சாப்பாட்டுக்கான தானியத்தையும் தனியாக எடுத்து வைப்போம். மாதக் கூட்டத்தில் சேமிப்புப் புத்தகம் பார்க்கிறோமே, அதோடு தொம்பையில் எவ்வளவு இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.