மணலில் தொடங்கிய பாடம்

சங்கரன்கோவிலில் நெசவாளர் வாழும் தெருக்கள் வழியே மாலை நேரத்தில் நடந்து செல்வோரின் செவிகளில் விசைத்தறிகளின் ஓசை ஓயாது விழும். அப்படியொரு மாலையில், ஒரு வீட்டுத் திண்ணையில் கண்ட காட்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, தன் தம்பியை அருகில் இருத்திக்கொண்டு 'ழ' எழுதக் கற்பித்துக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் ஒரு கைப்பேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் திரையில் அதே எழுத்து வண்ண வண்ணமாகத் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. சிறுவன் அதைப் பார்த்துச் சிரித்தானே தவிர, அவனுக்கு எழுத வரவில்லை. அக்காள் அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்து, திண்ணையில் படிந்திருந்த புழுதியிலே சுழித்துக் காட்டினாள். மூன்றாம் முறை அவனே எழுதிவிட்டான்.

சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் இதன் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. அந்தச் சிறுமி தன்னையறியாமல் கையாண்ட முறை, ஒரு காலத்தில் நம் மண்ணிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அங்கிருந்து அமெரிக்கா வரை பரவியது. பெரும் புகழ் பெற்றது. பின்னர் அதே வேகத்தில் சீர்கெட்டது. அது ஏன் புகழ் பெற்றது, ஏன் சீர்கெட்டது என்பதை, வகுப்பறைகளில் புதுப்புதுக் கருவிகள் வந்து குவியும் இந்நாளில் நாம் அறிந்துகொள்வது நலம்.

திண்ணையும் மக்தபும்

இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ள சங்கரன்கோவில், 2019 வரை திருநெல்வேலிச் சீமையின் ஓர் அங்கமாகவே இருந்தது. அச்சீமையிலும் பிற தமிழகப் பகுதிகளிலும் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றுவதற்கு முன்னர், ஊருக்கு ஊர் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. அவற்றுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. வசதி படைத்தவர் வீட்டுத் திண்ணையோ, மரத்தடியோ, கோயில் மண்டபமோ போதும். ஆசிரியரை அண்ணாவி என்று அழைப்பர். நெல்லும் காசும் பண்டிகைக் கால வரிசையுமே அவருடைய ஊதியம்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முன்னால் மணல் பரப்பப்படும். விரலால் எழுத்தை எழுதி, அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். தவறினால் கையால் ஒரு தடவு. மணல் மீண்டும் வெறுமையாகிவிடும். கை பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கிடைக்கும். அரிச்சுவடியும் எண்சுவடியும் மனப்பாடமாகும். அண்ணாவி ஒருவரே அத்தனை பிள்ளைகளையும் கவனிப்பது எங்ஙனம்? அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. நன்கு கற்ற மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை ஆவான். அவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவர்கள் ஒப்பிப்பதைக் கேட்பான். முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் அண்ணாவியின் முன் வந்தே தீரவேண்டும்.

நம் மக்தபுகளும் இம்முறைக்கு அயலானவை அல்ல. உஸ்தாத் நடுவே அமர்ந்திருக்க, சுற்றிலும் பிள்ளைகள் அமர்ந்து ஓதுவர். மரப்பலகையில் பாடத்தை எழுதி, அது பாடமானதும் கழுவித் துடைத்து, அடுத்த பாடத்தை எழுதுவர். அலிஃப், பே தொடங்கும் சிறுவனுக்கு, குர்ஆனில் சில ஜுஸ்உகளைக் கடந்துவிட்ட மூத்தவன் பாடம் சொல்லிக்கொடுப்பான். மணலும் பலகையும் வேறு வேறு, முறை ஒன்றே. நேற்றுக் கற்றவன் இன்று கற்பிக்கிறான்; கற்பிப்பதனாலேயே தான் கற்றதை உறுதி செய்துகொள்கிறான்.

இது மிகப் பழைய வழக்கம் என்பதற்கு அயல்நாட்டார் சான்றும் உண்டு. இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623-ஆம் ஆண்டு கன்னட நாட்டில் இக்கேரிப் பகுதிக்குச் சென்றபோது, கோயில் ஒன்றில் சிறுவர்கள் தரையில் மணல் தூவி, விரலால் எண்களை எழுதி, இசையோடு சொல்லிப் பயில்வதைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

எழும்பூரில் ஒரு பாதிரியார்

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1787-இல் சென்னை வந்து சேர்ந்தார். ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஏற்பட்ட காப்பகத்தின் தலைமைப் பொறுப்பை 1789-இல் ஊதியமின்றி ஏற்றார். அங்கிருந்த உதவி ஆசிரியர்களின் போக்கு அவருக்கு நிறைவளிக்கவில்லை. எழுத்துகளைக் கற்றுக்கொள்ளவே பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஒருநாள் காலை அவர் குதிரையேறிச் சென்றபோது, வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரை அப்பெயரால் அழைப்பது வழக்கம். அங்கே சிறு பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். பெல் திரும்பி வந்து, தம் பள்ளியிலும் அவ்வாறே தொடக்க வகுப்புக்குக் கற்பிக்கும்படி கூறினார். 'இது நடக்கக்கூடியதன்று' என்று உதவி ஆசிரியர்கள் கைவிரித்தனர். அவர் தளரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான்! பின்னர் பள்ளி முழுவதுமே மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறைக்கு மாறிற்று.

ஒரு பள்ளித் தலைவருக்கு இருக்கவேண்டிய பண்புகளை இந்நிகழ்ச்சியில் காணலாம். எளியவரின் தெருப்பள்ளியிலும் தமக்குப் பாடம் உண்டு என்று அவர் கருதினார். தம் ஊழியர் மறுத்தபோது அவர்களோடு வாதாடிக்கொண்டிராமல், செய்து காட்டச் சொன்னார். எட்டு வயதுப் பாலகனை நம்பினார்.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சென்னைச் சோதனையைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். அம்முறைக்கு 'சென்னை முறை' என்றே பெயர் ஏற்பட்டது. இதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் 1798 முதல் லண்டனில் இதையொத்த பள்ளி ஒன்றை நடத்தினார். இருவருக்கும் இடையே போட்டி மூண்டது. பெல்லின் முறையைப் பரப்ப 1811-இல் ஆங்கிலத் திருச்சபையினர் தேசியச் சங்கம் அமைத்தனர். லங்காஸ்டர் முறை 1806-இல் நியூயார்க்கில் கால்கொண்டது. பின்னர் தென்னமெரிக்காவையும் எட்டியது. பெல் 1832-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றளவும் 'மெட்ராஸ் கல்லூரி' என்பதே பெயர்.

மன்றோ எடுத்த கணக்கு

நம் முறை அங்கே கோலோச்சிக்கொண்டிருந்தபோது, இங்கே நிலைமை என்ன? சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி 1822-இல் ஆணையிட்டார். திருநெல்வேலி உட்படப் பெரும்பாலான மாவட்டக் கலெக்டர்கள் கணக்கு அனுப்பினர். 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம்.

பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை இவற்றுள் தலைசிறந்தது. குறைந்த செலவில் எழுதக் கற்பிப்பதையும், மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிப்பதையும் பாராட்டிய அவர், இங்கிலாந்து இம்முறையைப் பின்பற்றியது தகும் என்றே எழுதினார். குறைகளையும் அவர் மறைக்கவில்லை. பிள்ளைகள் பொருளறியாமல் செய்யுட்களை ஒப்பித்தனர். காலையில் முதலில் வருபவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், அடுத்தவனுக்குச் சுழியம், மூன்றாமவன் முதல் வந்த வரிசைப்படி அடி ஒன்று, இரண்டு என ஏறும். மக்களின் வறுமை பெருகியதால் பள்ளிகள் நலிந்து வருவதையும் அவர் எடுத்துரைத்தார்.

நாம் பழம்பெருமை பேசி நின்றுவிடலாகாது. அக்கணக்கிலே பெண்குழந்தைகள் எத்தனை பேர்? மாகாணம் முழுமைக்கும் 4,540 பேர்தாம்! தாழ்த்தப்பட்ட மக்களில் பெரும்பாலோருக்குத் திண்ணையின் ஓரத்திலும் இடமிருக்கவில்லை. ஆனால் மலபார் மாவட்டக் கணக்கில் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. அங்கே 3,196 முஸ்லிம் சிறுவர்கள் பள்ளியில் இருந்தபோது, முஸ்லிம் சிறுமியர் 1,122 பேர் இருந்தனர். தமிழகத்திலும், தமிழ் எழுத்தை அறியாத நம் மூதாட்டியர் பலர் அரபுத் தமிழில் வாசித்து அறிவு பெற்றனர். பெண் கல்வி நமக்கு அந்நியமன்று என்பதற்கு இவை சான்று. அதை நாம் இடையில் நழுவவிட்டோம் என்பதற்கும் இவையே சான்று.

முறை சீர்கெட்ட கதை

இனி, இங்கிலாந்துக்குத் திரும்புவோம். ஆலைத் தொழில் பெருகி, நகரங்களில் ஏழைப் பிள்ளைகள் திரண்டிருந்த காலம் அது. ஓர் ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார் லங்காஸ்டர். செல்வந்தர்கள் மனம் மகிழ்ந்தனர். கல்வி மலிவாகிவிட்டதல்லவா? பெரிய மண்டபங்களில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். கட்டளைக்கு எழுந்தனர், கட்டளைக்கு அமர்ந்தனர். சிறுவர்கள் சிறுவர்களை மேய்த்தனர். திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையின் ஓலையையும் பார்த்த அண்ணாவியைப் போன்ற ஒருவர் அந்த மண்டபங்களில் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு வழி கண்டறிந்த பெல்லே, ஏழைகளின் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தேவையில்லை என்று பின்னாளில் வாதிட்டார் என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை!

விளைவு என்ன? பிள்ளைகள் ஒப்பித்தனர், சிந்திக்கவில்லை. 1846-இல் இங்கிலாந்து, வயதில் மூத்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஊதியமும் பயிற்சியும் அளித்து ஆசிரியராக்கும் வேறொரு திட்டத்துக்கு மாறத் தொடங்கியது. இங்கேயும் 1854-க்குப் பின் அரசு மானியமும் மேற்பார்வையும் வந்தன. தேர்வு முடிவைப் பார்த்து மானியம் அளிக்கும் வழக்கம் 1860-களில் நுழைந்தது. அண்ணாவி, இன்ஸ்பெக்டரின் வருகைக்கு அஞ்சும் ஊழியரானார். மணல் போய்ச் சிலேட்டு வந்தது. ஓலை போய் அச்சுப் புத்தகம் வந்தது. அவை நல்ல மாற்றங்களே. ஆனால் பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும் பழக்கம், வகுப்பில் பேசும் குற்றமாகக் கருதப்பட்டது.

திரும்பி வந்த முறை

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-08-இல் தமிழகமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவடைந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படிப்படியாக ஏறினர். கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு உதவியது. 2019-இல் அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொள்ளை நோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் அதுவும் கைப்பேசியும் பெருந்துணை புரிந்தன. எனினும் அவை மட்டும் போதவில்லை. விடுபட்ட கல்வியை ஈடுசெய்ய 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்த நேர்ந்தது.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? மணலும் ஒரு கருவி. மின்திரையும் ஒரு கருவி. மணலில் எழுதியதால் எவரும் அறிஞராகிவிடவில்லை. திரையில் பார்ப்பதால் எவரும் கெட்டுவிடப் போவதுமில்லை. 'இக்கருவி இருந்தால் ஆசிரியர் குறைவாகவே போதும்' என்று கணக்குப் போடும் நாளில்தான் கேடு தொடங்குகிறது. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு அன்று இங்கிலாந்தில் பொய்த்தது. ஒரு திரை இருக்க ஆசிரியர் எதற்கு என்ற கணக்கும் அவ்வாறே பொய்க்கும்.

பள்ளிகளையும் மக்தபுகளையும் நிர்வகிக்கும் நம் ஜமாஅத்தார்கள் புதிய கருவிகளைத் தாராளமாக வாங்கட்டும். வாங்குமுன் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். நம் ஆசிரியருக்குத் தக்க ஊதியம் அளிக்கிறோமா? ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தையும் பார்க்க அவருக்கு நேரம் இருக்கிறதா? நம் பெண்மக்களுக்கு முன்வரிசையில் இடமுண்டா? கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நம் வகுப்பில் அனுமதி உண்டா?

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. பத்து வயதுப் பெண் தம்பிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, அவளுடைய படிப்புக்கு இடையூறு என்று எண்ணாதீர்கள். அதுவே அவளுடைய படிப்பு. சங்கரன்கோவில் திண்ணையில் அன்று அந்தப் பையன் தானாக எழுதிய 'ழ' சற்றுக் கோணலாகத்தான் இருந்தது. அக்காள் அதை அழித்துவிட்டு, "இன்னொரு தடவை எழுது" என்றாள்.