திறந்து பார்க்க இடம் தந்த வண்டி

வண்டலூரிலிருந்து மேற்கு நோக்கி வாலாஜாபாத்துக்கு ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. வாலாஜாபாத்துக்கு அப்பால் சிறிது தொலைவில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் திருமுக்கூடல் இருக்கிறது. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் வட்டாரம் அது. இடைவழியிலுள்ள ஒரகடம் இன்று மோட்டார்த் தொழிலின் பெரிய மையமாக விளங்குகிறது. ஆனால், ஒரகடம் இந்நிலையை அடைவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அந்தச் சாலை தொடங்கும் வண்டலூர்ப் பக்கத்தில் ஒரு கார்த் தொழிற்சாலை இயங்கி வந்தது என்பதை மாணவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே உருவான வண்டிகளுள் புகழ்பெற்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டு உற்பத்தி 1971-இல் முடிந்தது. தொழிற்சாலையும் 1988-இல் நின்று போயிற்று. செய்தவர்களே இல்லாமற்போன பிறகும் சில ஹெரால்டுகள் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் சில, கூரை நீக்கப்பெற்றுத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களாகவே உருமாறிவிட்டன. இவற்றை வைத்திருப்போரில் பலர் ஸ்பேனரும் கிரீஸ் கன்னும் எடுத்துத் தாமே பழுது பார்ப்பவர்கள். இது எப்படி இயலுகிறது? உரிமையாளரின் ஆர்வம் ஒரு காரணம். வண்டி கட்டப்பட்ட முறை அதனினும் பெரிய காரணம். அந்த முறை தோன்றிய வரலாறு சுவையானது.

இடையூறு தந்த வடிவம்

1950-களில் ஐரோப்பியக் கார்கள் புதிய கட்டுமான முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்கு முன், ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டத்தைச் செய்து, அதன்மேல் உடற்பகுதியை ஏற்றிப் பொருத்துவார்கள். இச்சட்டமே ‘சேஸ்’ எனப்படுவது. புதிய முறையில் தனிச் சேஸ் கிடையாது. அழுத்தி வளைத்த தகடுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து, முட்டையோடு போன்ற ஒரே கூடாக ஆக்கிவிடுவார்கள். தரை, தூண், கூரை யாவும் சேர்ந்து பளுவைத் தாங்கும். எடை குறையும்; உறுதி கூடும். ஆனால் பெரிய அச்சு எந்திரங்கள் வேண்டும்.

பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடுகளைச் செய்து தந்தது பிஷர் அண்டு லட்லோ என்னும் நிறுவனம். 1953-இல் இதைப் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கிவிட்டது. ஸ்டாண்டர்டின் அடுத்த காருக்கு முழுக்கூடு செய்து தர ஆளில்லை. என்ன செய்வது?

பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் பழைய முறைக்கே திரும்பினார். தனிச் சேஸ் ஒன்றைச் செய்து, உடற்பகுதியைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு பட்டறைகளில் அடிக்கச் செய்து, போல்ட்டு நட்டுகளால் பூட்டிவிடுவது என முடிவாயிற்று. வெளித்தோற்றத்தை வரைந்து தந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலாட்டி. இவ்வாறு 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது.

துண்டுகளாகச் செய்ததில் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. கூரையும் ஒரு தனித் துண்டு. அதைக் கழற்றிவிட்டால் சேஸ் பளுவைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே அடுத்த ஆண்டே, துணிக்கூரை கொண்ட திறந்த ஹெரால்டை அதிகச் செலவின்றி வெளியிட முடிந்தது. 1962-இல் அதே சேஸைக் குறுக்கி மாற்றியமைத்து ‘ஸ்பிட்பயர்’ என்னும் ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள். அது 1980 வரை விற்பனையில் இருந்தது.

சென்னைக்கு வந்த ஹெரால்டு

1940-களின் இறுதியில் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா, முதலில் வேன்கார்டு என்னும் வண்டியைப் பூட்டி விற்றது. 1961-இல் ஹெரால்டு வந்தது. 948 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பொறி அதற்கு. பிரிட்டனில் பின்னர்ப் பெரிய பொறிகள் வந்தபோதும் இங்கே இச்சிறு பொறியே நீடித்தது. 1968-இல் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு வெளிவந்தது. பிரிட்டனில் செய்த ஹெரால்டு கார்களுக்கு இரண்டு கதவுகளே.

அக்காலச் சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 1954-இல் இந்தியாவில் தம் தொழிற்சாலைகளை மூடிவிட்டன. எஞ்சியவை அம்பாசடர், பியட், ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. புதிய கார் வாங்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கிடைத்த வண்டியைக் கண்போல் காப்பது கட்டாயமாயிற்று.

அதற்குத் துணையாகச் சென்னையைச் சுற்றி உறுப்புத் தொழில்களும் வளர்ந்தன. செம்பியத்தில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ். பாடியில் 1961-இல் மின்கருவிகளுக்கான லூகாஸ் டி.வி.எஸ்.; 1962-இல் பிரேக்ஸ் இந்தியா. பிஸ்டனும் டைனமோவும் உள்ளூரில் கிடைத்தால்தான் வண்டிக்காரர் தம் வீட்டு முற்றத்தில் பழுது பார்க்க இயலும் அல்லவா?

முற்றத்தில் ஒரு பட்டறை

ஹெரால்டின் பானட்டைத் திறப்பதே ஒரு காட்சி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். பொறி, ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம்.

டிஸ்ட்ரிபியூட்டரினுள் ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகளைக் கொள்வோம். அவற்றின் இடைவெளி ஏறக்குறைய 0.4 மி.மீ. இருக்க வேண்டும். சுழலும் கேமின்மேல் உரசும் சிறு குதிப்பகுதி நாளடைவில் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும். தீப்பொறி தோன்றும் நேரமும் தாமதமாகும். வண்டியின் இழுவை குறைந்து பெட்ரோல் செலவு கூடும். இதைச் சரிசெய்ய ஒரு திருப்புளியும், இடைவெளி அளக்கும் ‘பீலர் கேஜ்’ தகடும், அரைமணி நேரமும் போதும்.

எளிதாகத் தெரிந்தாலும் உயிரோடு தொடர்புடைய வேலை ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனை மறை கொண்டது. அது பித்தளை வார்ப்பு ஒன்றினுள் திருகப்பட்டிருக்கும். இவ்வார்ப்புக்கு ‘டிரன்னியன்’ என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மறையிலேயே சுழல்கிறது. இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் இட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. ஆனால் அங்கே இருக்கும் துளையைப் பார்த்ததும் எவருக்கும் கிரீஸ் அடிக்கத்தான் தோன்றும். கிரீஸ் மறையின் நுண்ணிய பள்ளங்களுள் பரவுவதில்லை. நாளடைவில் இறுகியும் போகிறது. அடியில் மழைநீர் புகுந்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த இடத்தில் வெடிப்பு தோன்றி ஒருநாள் தண்டு முறிந்தால், சக்கரம் மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். கிரீஸ் கன்னிலேயே கிரீஸுக்குப் பதில் கியர் எண்ணெயை நிரப்பி அடிப்பதே இதற்குப் பரிகாரம். செலவு மிகச் சிறிது, அறிந்திருப்பதே முக்கியம்.

இரண்டாவது எச்சரிக்கை பின்சக்கரங்களைப் பற்றியது. ஹெரால்டின் பின் அச்சுகள் இரண்டும் உள்முனையில் மட்டும் மடங்கக்கூடியவை. வளைவில் வேகமாகத் திரும்பும்போது உடற்பகுதி மேலெழுந்தால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கும். தரையைப் பற்றும் ஆற்றல் சட்டெனக் குறையும். இவ்வமைப்பை நம்நாட்டு வாடிக்கையாளரும் மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. ஆகவே ஹெரால்டுக்குப் பின் வந்த ‘கெஸல்’ காரில் அதே பொறியை வைத்து, பின்பக்கம் மட்டும் உறுதியான ஒற்றை அச்சாக மாற்றினார்கள். பழுது பார்ப்போரின் கருத்து வடிவமைப்பையே மாற்றியதற்கு இது நல்ல சான்று.

கூரை போன கதை

ஸ்பிட்பயர் இந்தியாவில் செய்யப்படவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஆசை கொண்ட இளைஞருக்குக் கையருகில் இருந்தது ஹெரால்டுதான். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார்ப் பந்தயங்களில், பொறியை முடுக்கிச் சீரமைத்த ஹெரால்டுகளும் ஓடின. பழைய ஹெரால்டைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூரையை எடுத்துவிட்டுத் திறந்த காராக்கும் வழக்கமும் பரவியது.

சேஸ் பளுவைத் தாங்கும் என்பது உண்மையே. எனினும் கூரையும் ஓரளவு விறைப்பைத் தந்துகொண்டிருந்தது. அதை நீக்கியபின் மேடுபள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும். சேஸின் பக்கக் கிளைகளில் துரு ஏறியிருந்தால் உடற்பகுதி தொய்ந்து கதவுகள் பொருந்தாமல் போகும். உடலுக்கும் சேஸுக்கும் இடையே தகட்டு வாஷர்களைச் செருகிக் கதவின் இடைவெளியை நேராக்கலாம். ஆனால் உள்ளே அரித்த இரும்பை வெட்டி எடுத்துப் புது இரும்பை வெல்டிங் செய்யாமல் வாஷரை மட்டும் கூட்டிக்கொண்டே போவது, அடித்தளம் இறங்கிய வீட்டில் கதவை இழைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். மேலும், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கக் கூரை இராது என்பதையும் மறக்கலாகாது.

மருந்தும் உதிரி உறுப்பும்

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்த 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, அது விவரிக்கிறது. மருத்துவருக்கும் பணியாளருக்கும் உரிய ஊதியத்தோடு, ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலையும் தருகிறது. நோய் வருமுன்பே மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்ற முன்யோசனை அதில் தெரிகிறது.

பழைய காரைக் காப்போருக்கும் அம்முன்யோசனை தேவை. தொழிற்சாலை மூடியபின் உதிரி உறுப்புகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளே புகலிடமாயின. உடைத்துப் பிரித்த வண்டிகளின் கதவு, கியர்ப்பெட்டி, விளக்கு என யாவும் அங்கே விற்பனைக்கு வரும். இன்னொரு வாய்ப்பும் உண்டு. பிரிட்டனில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் செய்யப்பட்டன; ஸ்பிட்பயரும் அதே உறுப்புகள் பலவற்றைக் கொண்டது. ஆகவே டிரன்னியன் போன்றவற்றை அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பழைய பொறிகளில் வால்வு அமரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயமே. 2025-க்குள் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் எத்தனால் உப்பச் செய்து வெடிக்கவைக்கும். சூடான பொறியின்மேல் பெட்ரோல் சொட்டினால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொள்வது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

வெட்டுவதா, காப்பதா?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதற்பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த, சேஸும் உடற்கூடும் பொறியும் மூல அமைப்பிலிருந்து பெரிதும் மாற்றப்படாத வண்டிகளே இதற்குத் தகுதி பெறும். ஹெரால்டுகள் எல்லாம் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆயினும் அன்று ஆசையோடு கூரை வெட்டப்பட்டவை இத்தகுதியை இழக்க நேரிடும். போல்ட்டைக் கழற்றிக் கூரையைப் பத்திரமாக எடுத்து வைத்தவர் அதை மீண்டும் பூட்டிவிடலாம். வாளால் அறுத்து இரும்புக் கடையில் போட்டவர் என்ன செய்வார்? பழுது பார்ப்பவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே: திரும்பப் பூட்ட முடியாத எதையும் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது.

நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இன்றைய கார்கள் ஹெரால்டைவிடப் பலமடங்கு பாதுகாப்பானவை, புகையும் குறைவு. ஆனால் ஒட்டியும் உருக்கியும் சேர்த்த உறுப்புகளையும், தயாரிப்பாளரின் கருவியின்றித் திறக்காத மின்னணுப் பெட்டிகளையும் உரிமையாளர் தொட இயலுவதில்லை. வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் உரிமை குறித்து இந்திய அரசு 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. உதிரி உறுப்புகளும் விளக்கக் கையேடுகளும் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஹெரால்டை வடிவமைத்தவர்கள் பழுது பார்க்கும் உரிமையை எண்ணி அதைத் துண்டுகளாகச் செய்யவில்லை. கூடு செய்து தர ஆளில்லாமல் செய்தார்கள். தற்செயலாகக் கிடைத்த அந்த நன்மையே, செய்தவர் மறைந்தபின்னும் வண்டியை அரை நூற்றாண்டுக்கு மேல் வாழவைத்தது. நாளை பொறியியலாளராகப் போகும் மாணவர்கள் அதைத் திட்டமிட்டே செய்யலாமே!