தாய்மையைக் காத்த மருந்து

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த ஊர் மண்டூர். அடியார் குருமண்வெளித் துறையிலே வாவியைக் கடந்து, சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் அவ்வூர் முருகன் சந்நிதியை அடைவர். பிள்ளை வரம் வேண்டி முருகனுக்கு நேர்ந்துகொள்வது தமிழர் வழக்கு. ஆனால், கருவுற்ற பேறே உயிருக்கு உலையாகும் நோயொன்றும் உண்டு.

கருப்பையிலே குழந்தைக்குப் பதிலாக நீர்க்கொப்புளங்கள் குலைகுலையாகத் திரள்வதை முத்துப்பிள்ளை என்பர். அதன் பின்னரும், சிலவேளை நற்பிரசவத்தின் பின்னரும், நஞ்சுக்கொடியின் இழையத்திலிருந்து ஒருவகைப் புற்று முளைப்பதுண்டு. முன்னாளில் கருப்பையை அகற்றுவதே மருத்துவர் அறிந்த வழி. நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டால் அதுவும் பயன்படவில்லை. தாய்மாருட் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் மாண்டனர்.

இந்நோய்க்கு மருந்து பிறந்த வரலாறு தமிழகத்தையும் தொட்டுச் செல்கின்றது. கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களின் இரத்தசோகையை ஆராய, லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பின்னர்க் குன்னூரிலும், சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். மார்மைட் என்னும் எளிய நொதிச்சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அதில் அடங்கிய சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவிலே தலைமை தாங்கிய ஆய்வுக்குழு 1945இல் அவ்வமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. குருதியை வளர்க்கும் அச்சத்து, புற்றின் கலங்கள் பெருகவும் வேண்டும். ஆதலின், அதனைப் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழு ஆக்கிற்று. அவற்றுள் ஒன்று மெதோட்ரெக்சேட். சுப்பாராவ் 1948இல் மறைந்தார். மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர்கள், பரவிய நஞ்சுக்கொடிப் புற்றும் அம்மருந்துக்கு அடங்குவதை 1956இல் வெளியிட்டனர்.

உயிரோடு கருப்பையும் தப்பியது. குணமடைந்த பெண்கள் பலர் மீண்டும் தாயாயினர். கருவுற்ற பெண்களின் சோகையிலே தொடங்கிய ஆராய்ச்சி, கருவினால் வந்த புற்றைத் தீர்த்தது. இன்று இந்நோயுற்றோருட் பெரும்பாலோர் குணமடைகின்றனர். சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஓராண்டு பொறுத்துக் கருவுறுமாறு மருத்துவர் கூறுவர்.

முத்துப்பிள்ளைக்குப் பின்னர் நில்லாத உதிரப்போக்கை ஊழென்று விட்டுவிடலாகாது. காலத்தில் வைத்தியரை நாடும் பெண்ணுக்கு, மண்டூர் முருகனிடம் இன்னொரு முறை நேர்ந்துகொள்ள இடமுண்டு.