அடிபட்ட கைக்கு ஈடு: தொழிலாளர் இழப்பீடு நம்ம ஊருக்கு வந்த வரலாறு

நான் சுரக்குடியில் இருக்கும் ஒரு குழு உறுப்பினர். பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு சொன்னாங்க. ராஜா கதை, கோயில் கதை எழுத நிறைய பேர் இருக்காங்க. அதனால நான் நம்ம வயித்துப்பாட்டோட சம்பந்தப்பட்ட ஒரு சட்டத்தோட வரலாற்றை எழுதுறேன்.

நம்ம குழுக்களில் கடன் கேட்டு எழுதும்போது காரணம் என்று ஒரு இடம் இருக்கு. அதில் அடிக்கடி வர்றது "மருத்துவச் செலவு". அதில் சிலது காய்ச்சல், பிரசவம். ஆனா சிலது வேலை செய்யுற இடத்துல அடிபட்ட செலவு. சாரத்துல இருந்து விழுந்தது, மிஷினில் விரல் போனது, மூட்டை சரிஞ்சு இடுப்பு ஒடிஞ்சது இப்படி. அந்தச் செலவுக்கு நாம குழுவில் கடன் வாங்கி, வட்டியும் சேர்த்துக் கட்டுறோம். உண்மையில் அந்தப் பணத்தை யார் கொடுக்கணும்? இந்தக் கேள்விக்குப் பதில் 100 வருஷத்துக்கு முன்னாடியே சட்டமா வந்துடுச்சு. நமக்குத்தான் அது சரியா வந்து சேரல.

தப்பு யார் பேர்ல?

அந்தக் காலத்தில் ஆலையில் ஒருத்தர் கை போனா, "நீ பாத்து வேலை செஞ்சிருக்கணும்" என்பதுதான் பதில். முதலாளி மேல தப்புன்னு தொழிலாளியே கோர்ட்டில் நிரூபிக்கணும். இங்கிலாந்தில் கூட வேலை செய்யுற இன்னொரு ஆளோட கவனக்குறைவால் அடிபட்டா, முதலாளி பொறுப்பே இல்லைன்னு தீர்ப்பு சொன்னாங்க. கையும் போய், வேலையும் போய், கோர்ட்டுக்கு நடக்க ஏழைக்கு எங்கே வழி?

1884-இல் இது மாற ஆரம்பிச்சது. அந்த வருஷம் ஜெர்மனியில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தப்பு யார் பேர்லன்னு பார்க்காம, வேலையில் அடிபட்டா பணம் உண்டு என்பதுதான் அதோட அடிப்படை. அடுத்து 1897-இல் இங்கிலாந்திலும், 1898-இல் நம்ம காரைக்காலை ஆண்ட பிரான்சிலும் சட்டம் போட்டாங்க.

அதே 1884-இல் நம்ம நாட்டிலும் ஒரு குரல் கிளம்புச்சு. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் பஞ்சாலைத் தொழிலாளர்களைக் கூட்டி ஒரு மனு எழுதினார். 5,500 பேர் அதில் கையெழுத்துப் போட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை லீவு, மத்தியானம் அரை மணி நேரம் ஓய்வு என்பதோட இன்னொன்றும் கேட்டாங்க. வேலையில் பலமா அடிபட்டா குணமாகும் வரைக்கும் முழுச் சம்பளம் தரணும், ஊனமாயிட்டா பிழைப்புக்கு வழி செய்யணும் என்பது அது. ஞாயிற்றுக்கிழமை லீவு 1890-இல் கிடைச்சது. அடிபட்டவங்களுக்கான சட்டம் வர இன்னும் 33 வருஷம் ஆச்சு.

நடுவில் 1918-இல் சென்னையில் திரு.வி.க., வாடியா, செல்வபதி செட்டியார் போன்றவங்க சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. நாடு முழுக்க வேலை நிறுத்தங்கள் நடந்தன. 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

இந்த இடத்துலதான் நம்ம ஊர் கதை வேற மாதிரி போகுது. 1924-இல் இந்தச் சட்டம் நாகப்பட்டினத்துக்குச் செல்லும், மாயவரத்துக்குச் செல்லும். நடுவில் இருக்குற காரைக்காலுக்குச் செல்லாது. நாம அப்ப பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஒரே காவிரித் தண்ணி, ஒரே நெல்லு, ஒரே பாஷை. ஆனா சட்டம் எல்லையோட நின்னுபோச்சு.

அதுக்கும் முன்னாடி, 1800-களின் பின்பாதியில், காரைக்கால் துறைமுகத்தில் இருந்து ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் ஏத்தி ரீயூனியன், குவாடலூப், மார்த்தினீக் தீவுகளுக்கு அனுப்பினாங்க. அவங்க பேரெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதினாங்க. எத்தனை வருஷம் கட்டுப்பட்டு உழைக்கணும் என்பதுக்கு எழுதின கணக்கு அது. பிரான்சில் சட்டம் போட்டதனாலே இங்க இருக்குற கூலிக்காரருக்கு வாழ்வு வந்துடல.

புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வ. சுப்பையா தலைமையில் போராடினாங்க. 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளர்கள் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் 1937-இல் பிரெஞ்சு அரசு எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை இதெல்லாம் இங்கே ஒத்துக்கிட்டது. இன்னைக்கு எட்டு மணி நேரம் முடிஞ்சுதுன்னு நாம வீட்டுக்குக் கிளம்புறோமே, அதுக்குப் பின்னாடி அந்த 12 உயிர் இருக்கு.

1954 நவம்பர் 1-இல் காரைக்கால் நிர்வாகம் இந்தியாவோட சேர்ந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் சேர்ந்தது. 1963 அக்டோபர் 1 முதல் இழப்பீட்டுச் சட்டம் புதுச்சேரி, காரைக்காலுக்கும் செல்லும் என்றாச்சு. பக்கத்து நாகப்பட்டினத்துக்கு வந்த சட்டம் எல்லை தாண்டி நம்ம கிட்ட வர 39 வருஷம் ஆயிருக்கு.

சட்டம் வந்தும் நம்ம பேர் இல்லை

சட்டம் வந்தாலும் யார் தொழிலாளி என்பதுக்கு ஒரு பட்டியல் வச்சிருந்தாங்க. அப்பப்ப வந்து போற தற்காலிக ஆளுங்களில் பல பேரை அது சேர்த்துக்கல. நம்ம பெண்கள் பாதிக்கு மேல் செய்யுறது அந்த மாதிரி வேலைதானே? 2000-ஆம் வருஷம் செஞ்ச திருத்தத்தில்தான் அந்தத் தற்காலிக வேலைங்கிற விலக்கை எடுத்தாங்க. 2009-இல் சட்டத்தோட பேரையும் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்னு மாத்தி, மருத்துவச் செலவை முழுசா முதலாளி தரணும்னு சேர்த்தாங்க. 2017-இல் இன்னொரு திருத்தம் வந்தது. வேலைக்குச் சேர்க்கும்போதே இந்த உரிமையை, ஊழியருக்குப் புரியுற பாஷையில் முதலாளி எழுத்தில் தெரிவிக்கணும். தெரிவிக்கலன்னா அபராதம். நம்மில் எத்தனை பேர் கையில் அப்படி ஒரு தாள் வந்திருக்கு?

பெண்களைப் பத்தி அந்தச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. பெண்ணுக்கு மொத்தமா இழப்பீடு கொடுக்குறதா இருந்தா நேரா கையில் கொடுக்கக் கூடாது, ஆணையர் கிட்ட கட்டி அவர் மூலமாத்தான் கொடுக்கணும் என்பது. பெண்களையும், சட்டப்படி தானே முடிவெடுக்க முடியாதவங்களையும் ஒரே வரியில் வச்சு எழுதியிருந்தாங்க. படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. மாசாமாசம் பேங்க் கணக்கு பாக்குற நமக்கு இது என்ன மரியாதைன்னு தோணுச்சு. ஆனா கொஞ்சம் யோசிச்சா, இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கு. ஆணையருக்குத் தெரியாம திண்ணையில் உட்கார்ந்து ஒரு தொகையைக் கையில் திணிச்சு, "கணக்கு முடிஞ்சுது"ன்னு யாரும் சொல்ல முடியாது. வேலையில் இறந்தவங்க குடும்பத்துக்குக் கொடுக்குற பணத்துக்கும் இதே விதிதான்.

எங்க தெருவில் ஒரு அக்காவுக்கு நடந்தது அப்படித்தான். பல வருஷத்துக்கு முன்னாடி, வெளியூரில் கதிர் அடிக்குற மிஷினில் இரண்டு விரல் போச்சு. மிஷின்காரர் 5,000 ரூபாய் கொடுத்து வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிட்டுப் போனார். கைநாட்டு வச்சாச்சே, இனிமே கேட்க முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா சட்டம் சொல்றது நேர்மாறு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்குறதா எழுதி வாங்குற எந்த ஒப்பந்தமும் செல்லாது. வழக்குப் போட 2 வருஷம் கெடு இருந்தது. அது தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட அந்த அக்கா வீட்டுக்குப் போகல. கெடுவும் போச்சு.

கணக்கு எப்படி?

எந்த உறுப்புக்கு எத்தனை சதவீதம்னு சட்டத்தில் பட்டியல் இருக்கு. கட்டைவிரல் போனா 30, ஒரு கையில் இரண்டு விரல் போனா 20, நாலு விரலும் போனா 50. கணக்குக்கு எடுக்குற மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 2020-இல் இருந்து 15,000 ரூபாய்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 40 வயசு, மாதச் சம்பளம் 9,000 ரூபாய். முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதத்தை, அதாவது 5,400-ஐ, அந்த வயசுக்கு உரிய காரணி எண்ணான 184.17-ஆல் பெருக்கணும். 9,94,518 ரூபாய் வருது. இரண்டு விரலுக்கு அதில் 20 சதவீதம், 1,98,903 ரூபாய். மருத்துவச் செலவு இது போக தனி. இறந்துபோனா 60-க்குப் பதிலா 50 சதவீதம் வச்சு, 8,28,765 ரூபாய். அந்த அக்காவுக்குக் கிடைச்ச 5,000-ஐ இதுக்குப் பக்கத்தில் வச்சுப் பாருங்க.

பணம் ஒரு மாசத்துக்குள் வரலன்னா 12 சதவீதம் வட்டி, தகுந்த காரணம் இல்லாம இழுத்தா 50 சதவீதம் வரைக்கும் அபராதம். "நான் வேலைக்கு வைக்கல, மேஸ்திரிதான் கூட்டிட்டு வந்தார்"ன்னு சொந்தக்காரர் கைகழுவ முடியாது. தன் தொழிலுக்குக் கான்ட்ராக்டில் ஆள் வச்சாலும் அவரும் பொறுப்பு. ஈ.எஸ்.ஐ. இருக்குற இடத்தில் வேலை செய்யுறவங்களுக்கு மட்டும் இந்தப் பணம் முதலாளி கிட்ட இல்லாம ஈ.எஸ்.ஐ. வழியா வரும்.

பேங்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்குறாங்களே, அந்த விபத்துக் காப்பீடு வேற. அது நாம கட்டுற பணம். இழப்பீடு முதலாளியோட கடமை. ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணை விட வேண்டியதில்லை.

1923 சட்டம் இப்ப 2020-இல் நிறைவேறின சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிடுச்சு. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கு. கணக்குப் போடுற முறை அதேதான். வீட்டில் இருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிஞ்சு திரும்பும்போதும் நடக்குற விபத்தையும், வேலையோட தொடர்பு இருந்தா, சேர்த்துக்கணும்னு அதில் எழுதியிருக்காங்க. விடியக்காலையில் வேனில் அடைஞ்சு போற பெண்களுக்கு இது பெரிய விஷயம்.

இன்னும் வெளியில் நிக்கிறவங்க

இத்தனை திருத்தம் வந்தும் ஒரு குறை இருக்கு. அந்த 1923 சட்டத்தோட பட்டியலில் வயல் வேலை என்று பார்த்தா, டிராக்டரோ மத்த இயந்திரமோ வச்சு நடக்குற விவசாயம்தான் முக்கியமா இருந்தது. மிஷினில் விரல் போன அக்கா அதுக்குள்ள வருவாங்க. சேத்துல குனிஞ்சு வெறுங்கையால் நாத்து நடுறவ, களை எடுக்குறவ, வரப்பில் பாம்பு கடிச்சவ எங்க வருவா? சோறு போடுற நம்ம டெல்டாவில் அதிகம் பேர் செய்யுற பெண் வேலை இது. இதைக் கேட்க வேண்டியது நாமதான். லோகண்டே காலத்தில் கேட்டதனாலதான் 1923 வந்தது. சும்மா இருந்து எதுவும் வரல.

அதனால கூட்டமைப்புக்கு நான் மூணு விஷயம் சொல்லிக்கிறேன்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவிலும் சேமிப்புக் கணக்கு எழுதுற மாதிரி வேலைக் கணக்கும் எழுதலாம். எந்தத் தேதி, யார் கிட்ட, எந்த இடத்தில், என்ன கூலி. மஸ்டர் ரோலில் நம்ம பேர் இல்லாதபோது, நாள்தோறும் எழுதின நோட்டும் கூட வேலை செஞ்சவங்க சாட்சியும் உதவும். இரண்டு, யாருக்காவது அடிபட்டா கடன் விண்ணப்பம் எழுதுறதுக்கு முன்னாடி, மருத்துவமனையில் வேலை செய்யும்போது அடிபட்டதுன்னு சொல்லிச் சீட்டில் எழுத வைக்கணும். முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்கணும். காரைக்காலில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குக் குழுவில் இரண்டு பேர் கூடப் போகணும். வக்கீலுக்குக் காசில்லன்னு பயப்பட வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. சித்தாள் வேலைக்குப் போறவங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பேரும் பதிஞ்சு வச்சுக்கணும்.

மூணாவது, நாத்து நடுற பெண்களையும் பட்டியலில் சேர்க்கணும்னு எல்லாக் குழுவும் ஒரே தீர்மானமா எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூட்டமைப்பு மூலமா அரசுக்கு அனுப்பணும். அடுத்த மாசக் கூட்டத்தில் எங்க சுரக்குடி குழு சார்பா இந்தத் தீர்மானத்தை நான் கொண்டு வர்றேன். மத்த ஊர்க் குழுக்களும் தீர்மானப் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க.