கைப்பேசிக்குள் ஒரு கரும்பொடி

சென்னைக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ளது ஸ்ரீபெரும்புதூர். 2006ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை இங்கே இயங்கத் தொடங்கியது, 2014இல் மூடப்பட்டது. இன்று இவ்வட்டாரத்தில் வேறு நிறுவனங்கள் கைப்பேசிகளைப் பொருத்தி அனுப்புகின்றன. ஆலைகள் மாறின; ஆனால் கைப்பேசிக்கு மின்சாரம் தரும் மூலப்பொருள் பெரும்பாலும் மாறவில்லை. அதுதான் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்னும் கரும்பொடி.

இதன் அமைப்பு விந்தையானது. கோபால்ட்டும் ஆக்சிஜனும் இணைந்து அடுக்கடுக்கான தகடுகளாகின்றன. வாழைப்பூவின் மடல்களுக்கிடையே பூக்கள் ஒண்டியிருப்பதுபோல, அத்தகடுகளுக்கிடையே லித்தியம் அயனிகள் தங்கியிருக்கின்றன. மின்னேற்றும்போது அவை வெளியேறி, எதிர்ப்புறமுள்ள கிராஃபைட்டில் புகுகின்றன. கைப்பேசியைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. அப்போது எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியே பாய்கின்றன.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப், கோயிச்சி மிசுஷிமா முதலியோர் இப்பொடி ஏறத்தாழ 4 வோல்ட் மின்னழுத்தம் தருவதைக் காட்டினர். 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ இதனுடன் ஒரு கரிப்பொருளை இணைத்துப் பாதுகாப்பான மின்கலம் அமைத்தார். 1991இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் குடினஃப், யோஷினோ, ஸ்டான்லி விட்டிங்காம் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இப்பொடிக்கும் ஓர் எல்லை உண்டு. லித்தியத்தில் பாதியளவையே நாம் பாதுகாப்பாக வெளியே எடுக்கலாம். அதற்குமேல் எடுத்தால் அடுக்குகள் நிலைகுலையும். சூடேறினால் ஆக்சிஜன் வெளிப்பட்டுத் தீக்கும் வழிவகுக்கும். எனவே ஒரு கிராம் பொடி தருவது சுமார் 140 மில்லிஆம்பியர்-மணி மட்டுமே. 1,000 மில்லிஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்துக்கு எத்தனை கிராம் வேண்டும்? நீங்களே கணக்கிடுங்கள்: ஏறத்தாழ 7 கிராம்!

அந்த 7 கிராம் எங்கிருந்து வருகிறது? உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசில் வெட்டியெடுக்கப்படுகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்கள் சிலவற்றில் குழந்தைகளும் உழைக்கின்றனர். அதைச் சுத்திகரிப்பது பெரும்பாலும் சீனா. கோபால்ட்டைக் குறைத்து நிக்கலும் மாங்கனீசும் சேர்க்கவும், இரும்புப் பாஸ்பேட்டைப் பயன்படுத்தவும் அறிவியலார் முற்பட்டதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம்.

நம்மிடம் அறிவு இல்லாமலில்லை. அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில், 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் லித்தியம் அயனி மின்கலம் செய்யும் முறையை உருவாக்கியது. 2018இல் அதைத் தொழில்துறைக்கு வழங்க ஒப்பந்தமும் செய்தது. ஆயினும் நாம் பயன்படுத்தும் மின்கலங்களில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதியே. பொருத்தும் தொழிலை ஸ்ரீபெரும்புதூர் கற்றுவிட்டது. பொடியையும் இங்கேயே ஆக்கும் பணி, இன்று வேதியியல் பயிலும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.