பசுவின் மடியும் பெனிசிலினும்

நோட்டன் பிரிட்ஜ் முதலிய மலையகத் தோட்டப் பகுதிகளில், கொழுந்து பறித்துப் பெறும் கூலிக்குத் துணையாகப் பசு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டில் பசுவுக்கு மடிவீக்கம் கண்டால், பாலோடு வருமானமும் நின்றுவிடும். ஆதலின், அந்நோய்க்கு மருந்து வந்த வரலாறும், அம்மருந்தையே குறைக்க நேர்ந்த வரலாறும் நேயர்கள் அறியத்தக்கவை.

1928 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரில் வீரர்களின் புண்ணை ஆற்றிய அம்மருந்து, விரைவிலேயே பசுவின் காம்புக்குள்ளும் செலுத்தப்பட்டது. நோயுற்ற மடிகள் பல குணமடைந்தன. ஆயினும், 1945 இல் நோபல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்தார்: போதாத அளவில் மருந்தைச் சந்திக்கும் கிருமி அழியாது, அதனைத் தாங்கும் வல்லமையைப் பெற்றுவிடும்.

1960களில் இங்கிலாந்தில், ரெடிங் நகரை அடுத்த தேசியப் பாற்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார், கறப்பவரின் கையும், மடி துடைக்கும் துணியும், கறவை இயந்திரமும் கிருமியைப் பரப்புவதை ஆராய்ந்தனர். கறந்தவுடன் காம்பைக் கிருமிநாசினியில் தோய்த்தால் புதுத் தொற்றுக் குறைவதைக் கண்டனர். எனினும், பால் வற்றச் செய்யும் காலத்தில் எல்லாப் பசுக்களுக்கும் மருந்திடுவதையும் அவர்கள் தம் திட்டத்திற் சேர்த்தனர். இதனால் நோயற்ற மடிக்கும் மருந்து என்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. இவ்வாறு தேவையின்றி வழக்கமாக மருந்திடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 28 முதல் தடைசெய்தது.

தமிழகத்தில், தஞ்சையைச் சார்ந்து பணியாற்றிய கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து மடியின்மேற் பூசும் முறையை உழவரிடையே பரப்பினார். இந்தியத் தேசியப் பால்வள வாரியமும் அதனை மேற்கொண்டது.

எம்முறையாயினும் தூய்மையே அதற்கு அடிப்படை. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைத்தல் வேண்டும். முதற் பீச்சைக் கருநிறக் கிண்ணத்தில் எடுத்துத் திரிதிரியாக உள்ளதா என நோக்குதல் வேண்டும். நோயுற்ற பசுவை இறுதியிற் கறத்தல் நன்று. கறந்தபின் அரைமணி நேரமளவு காம்புத் துளை திறந்திருக்குமாதலால், புல்லிட்டுப் பசுவை நிற்கச் செய்தல் நலம்.

காய்ச்சலோடு மடி கல்லாக இறுகுமாயின் தாமதியாது கால்நடை வைத்தியரை நாடவேண்டும். அவர் தரும் மருந்தை இடையில் நிறுத்தலாகாது. அவர் குறித்த நாள்வரை அப்பாலை விற்றலும் தகாது. அதிலுள்ள மருந்து தயிர் உறைவதைக் கெடுக்கும். குழந்தையின் கோப்பைக்கும் சென்று சேரும். தேவையற்ற இடத்தில் மருந்தைத் தவிர்த்தால்தான், தேவை நேரும் நாளில் அது பசுவுக்கும் மனிதருக்கும் பயன்படும்.